பழைய தரைமேல் புதுத்தரை: பலகை வாங்குமுன்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



என்னை எதற்கு இந்தத் தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள் என்று சிலர் யோசிக்கலாம். நான் பி.காம். படித்தவன். இன்ஜினியர் இல்லை, ஆசாரியும் இல்லை. ஆனால் வங்கியில் வீட்டுக்கடன் கோப்புகளோடு பல வருடம் உட்கார்ந்திருந்தேன். எஸ்டிமேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அங்கே வந்தது. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் தெருக்களில் இப்போது ஒரு காற்று அடிக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிற பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள். அப்பா கட்டிய வீட்டின் சிவப்புச் சிமெண்ட் தரையையோ மொசைக்கையோ பார்த்து, "மரத்தரை போட்டுரலாம்ப்பா, உடைக்கவே வேண்டாம், ரெண்டு நாள்ல முடிஞ்சுரும்" என்கிறார்கள். உடைக்க வேண்டாம் என்ற வார்த்தைக்கு நாம் மயங்கிவிடுகிறோம். தூசி இல்லை, சிமெண்ட் மூட்டை இல்லை, பத்து நாள் சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுக்க வேண்டாம். எல்லாம் உண்மைதான். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பலகையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பழைய தரையைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய தரையில் இருக்கிற கோளாறை மேலே போடுகிற எதுவும் குணப்படுத்தாது. மூடித்தான் வைக்கும்.

முதலில் சரக்கு என்ன என்று தெளிவாக இருக்கட்டும். மரத்தரை என்று கடையில் காட்டுவதில் மூன்று ரகம் உண்டு. ஒன்று லேமினேட். மரத்தூளையும் நாரையும் பசையோடு அழுத்திச் செய்த பலகை, எச்.டி.எஃப். என்பார்கள். அதன் மேல் மரத்தின் படம் அச்சடித்த தாள், அதற்கும் மேல் தேயாத ஒரு பூச்சு. 1977ல் சுவீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் என்ற நிறுவனம் கண்டுபிடித்தது. பசையில்லாமல் ஒன்றோடொன்று கொக்கி மாட்டுகிற முறை 1990களில் வந்தது. இரண்டாவது எஞ்சினியர்டு மரம். அடியில் பிளைவுட், மேலே மெல்லியதாக நிஜமான மரம். மூன்றாவது எஸ்.பி.சி. இதில் மரம் பேருக்குக்கூடக் கிடையாது, சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும்தான். கரையான் தின்னாது, தண்ணீருக்கு அசையாது. மூன்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். எனவே கடைக்காரரிடம், "இது எதுல செஞ்சது?" என்று கேட்பது முதல் கேள்வி.

இந்தச் சரக்கு பிறந்த ஊர் குளிர்ப்பிரதேசம். அங்கே வெறும் தரையில் கால் வைத்தால் சில்லிடும். அதனால் மரம். நமக்குச் சித்திரை வெயிலில் சிவப்புத் தரையில் துண்டை விரித்துப் படுப்பதுதான் சுகம். நம் பக்கத்து மாவட்டத்தில், காரைக்குடி சுற்றுவட்டாரத்தில், செட்டியார் வீடுகளைப் போய்ப் பாருங்கள். பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு கொண்டுவந்தவர்கள் அவர்கள். அந்தத் தேக்கு தூணாக, நிலையாக, கதவாக, உத்தரமாக நிற்கிறது. கீழ்த்தளத்தில் கால் வைக்கிற இடத்திலோ ஆத்தங்குடிக் கல், இத்தாலி சலவைக்கல், வெளிநாட்டு டைல் என்று பெரும்பாலும் கல் சாதிதான். காசில்லாமல் அப்படிச் செய்யவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எல்லாம் கரிசல். கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் காட்டில் கை நுழைகிற அளவு வெடிப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். அந்த மண் நம் வீட்டுத் தரைக்கு அடியிலும் இருக்கிறது. அஸ்திவாரத்தை ஆழமாக எடுத்துச் சுவரைக் காப்பாற்றிவிடுவார்கள். ஆனால் தரை என்பது சுவர்களுக்கு நடுவே கொட்டிய நிரப்புமண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சரளை கொட்டி, தண்ணீர் விட்டுக் கெட்டித்தவர்களும் உண்டு, தோண்டிய கரிசலையே திரும்பப் போட்டவர்களும் உண்டு. தரையில் வருடாவருடம் ஒரே இடத்தில் கீறல் விரிந்து மூடினால் நீங்கள் இரண்டாவது வகை.

"மழையே இல்லாத ஊரில் ஈரம் எங்கேயிருந்து வரும்?" என்று கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை கொஞ்சமாக இருந்தாலும் கரிசல் அதை லேசில் விடாது. போதாததற்குச் சுவரை ஒட்டியே செப்டிக் டேங்க், தொட்டி, துணி துவைக்கிற கல். சுவரின் அடியில் உப்பு பூத்து வெள்ளை உதிர்கிறதே, அது ஈரம் ஏறி வருவதற்கான அத்தாட்சி. பழைய தரைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் எதுவும் விரித்திருக்க மாட்டார்கள். சிமெண்ட் தரை அந்த ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே காற்றில் விட்டுவிடும், நமக்குத் தெரியாது. அதன் மேல் பலகையைப் போட்டு மூடினால் ஈரம் பலகைக்கு அடியில் தங்கும்.

இதைப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுவிட்டு எடுங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்த இடத்தில் தரை கறுத்திருந்தாலோ கீழேயிருந்து ஈரம் வருகிறது. டைல் தரை என்றால் இணைப்புக்கோடுகள் தாளுக்கு அடியில் வருகிற மாதிரி ஒட்ட வேண்டும், ஏனென்றால் ஈரம் அந்த வழியாகத்தான் வரும். அறைக்கு ஒரு இடம் போதாது, சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று. முக்கியமாக, இதை மழைக்காலத்தில் செய்யுங்கள். பங்குனி, சித்திரையில் செய்தால் நம் ஊரில் கிணறே காய்ந்து கிடக்கும்போது தரை வியர்க்குமா?

பின் வரிசையில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் சொல்லாமல் சொல்ல அவரே அனுமதி கொடுத்தார். கீழ்த்தளத்துப் படுக்கையறை, பழைய சிவப்புச் சிமெண்ட் தரை. அதன் மேல் 8 மில்லிமீட்டர் லேமினேட் பங்குனியில் போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நானும் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன். கார்த்திகையில் அறையின் நடுவே பலகைகள் கூடாரம் மாதிரி எழும்பிவிட்டன. போட்டவர்கள், "தண்ணி ஊத்திக் கழுவிட்டீங்க" என்றார்கள். இவர், "ஒரு சொட்டு ஊத்தல" என்றார். சுவரோரத்துப் பலகைகளைக் கழற்றிப் பார்த்தபோது நானும் இருந்தேன். பலகைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அங்கே அது இல்லை, இருந்த சந்தையும் ஒயிட் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். பலகையின் அடிப்பக்கம் கறுத்துப் பூசணம். நிலைப் பக்கத்து மூலையில் பென்சில் பருமனுக்குக் கரையானின் மண்கோடு.

இந்தத் தரை எதிலும் ஒட்டப்படுவதில்லை. ஒரே பாய் மாதிரி மிதந்துகொண்டிருக்கும். ஈரக்காற்றில் விரியும், வெயில் காலத்தில் சுருங்கும். சுவரோரம் இடம் விட்டால் அந்தப் பக்கம் விரிந்துகொள்ளும், இடமில்லை என்றால் மேலேதான் எழ வேண்டும். அந்தச் சந்தை மறைக்கத்தான் ஸ்கர்ட்டிங். அதையும் பலகையோடு சேர்த்து ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் அடிக்க வேண்டும். கதவு நிறுத்தியைப் பலகையில் துளைபோட்டு மாட்டுவதும் அதே தப்பு. துணி அடைத்த கனமான இரும்பு பீரோக்களை அறையின் இரண்டு எதிர்ப்பக்கமும் வைத்துப் பாயின் இரு முனையையும் அமுக்கிவிடுவதும் நல்லதில்லை.

அவர் வாரண்டி அட்டையை என்னிடம் கொண்டுவந்தார். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். தரையிலிருந்து வரும் ஈரம், கரையான், சரியில்லாத மட்டம், தவறாகப் பதித்தது, எல்லாமே பொறுப்பு விலக்கு. மீதி இருந்தது நிறம் மங்குவதும் மேல்பூச்சு தேய்வதும்தான். பத்து வருட வாரண்டி என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தது. பணம் கட்டுவதற்கு முன்னால் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கரையானைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. முதல் மழைக்கு ஈசல் பறக்கும்போது அதைப் பிடித்து வறுத்துத் தின்ற ஊர் நம் ஊர். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தான். உங்கள் வீட்டுச் சுவரோரத்திலிருந்து ஈசல் கிளம்பினால் அடியில் புற்று இருக்கிறது என்று பொருள். அந்த வீட்டில் கீழ்த்தளத்தில் மரநார்ப் பலகையை விரிப்பது பந்தி போடுவதற்குச் சமம். ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்குக் கரையான் மருந்து அடிப்பதற்கு ஐ.எஸ். 6313 என்ற தரநிர்ணயத்தில் மூன்றாம் பகுதி இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் கோட்டில் துளை போட்டு மருந்து இறக்கி அடைப்பார்கள். பலகை போட்ட பிறகு அதைச் செய்ய முடியாது. முன்னாலேயே செய்ய வேண்டும். எஸ்.பி.சி.யைக் கரையான் தின்னாது, ஆனால் அதன் அடியில் இருட்டில் ஊர்ந்து போய் உங்கள் நிலையையும் புத்தக அலமாரியையும் தின்னும்.

அடுத்தது பொள்ளல். நம் ஊர் தறி ஊர். பழைய வீடுகள் பலவற்றில் தறிக்குழி இருந்தது, மிதி மிதிக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்வதற்கு. தறி நின்றபின் குழியை மண்ணைப் போட்டு மூடி மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். பத்து இருபது வருடத்தில் அந்த மண் அமுங்கி, பூச்சுக்கு அடியில் வெற்றிடம் விழுகிறது. தரையைத் தட்டிப் பார்த்தால் குரல் மாறும். மற்ற இடம் "டங்" என்றால் அங்கே "டொப்" என்னும். வீட்டை வாங்கியவருக்கு அங்கே தறி இருந்ததே தெரியாது. ஆகவே முழங்காலிட்டு ஒரு மரக்கட்டையால் தரை முழுக்க ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டுங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் பேரனைத் தட்டச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுங்கள். டொப் என்கிற இடத்தைச் சாக்கட்டியால் குறித்து, அதை மட்டும் உடைத்து, சரளை போட்டுக் கெட்டித்து, கான்கிரீட் போட வேண்டும். டைல் தரையில் ஆடுகிற டைலையும் அப்படியே எடுத்துச் சரி செய்யுங்கள்.

மட்டம் பார்க்க ரசமட்டம் தேவையில்லை. சாய்வு கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை, குழியும் மேடும்தான் கூடாது. ஆறடி அலுமினியக் கட்டையைத் தரையில் படுக்கப் போடுங்கள். ஒரு ரூபாய்க் காசு இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அந்த இரண்டு காசும் சேர்ந்து கட்டைக்கு அடியில் தாராளமாக நுழைந்தால் அந்த இடம் பள்ளம், நிரப்ப வேண்டும். நிரப்பாமல் போட்டால் நடக்கும்போது பலகை அமுங்கி எழும், கொக்கி முறியும். அடியில் ஃபோம் விரிக்கிறார்களே, அது சரி பண்ணிவிடாதா என்றால், பண்ணாது. ஃபோம் சத்தத்தைக் குறைக்கும். இரண்டு ஃபோம் போட்டுப் பள்ளத்தைச் சமாளிப்பவர் வேலை தெரிந்தவர் இல்லை.

இப்போது இன்று நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானதுக்கு வருகிறேன். உயரம்.

லேமினேட்டும் ஃபோமும் சேர்ந்து சுமார் 10 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. எஸ்.பி.சி. சுமார் 6 மில்லிமீட்டர். பழைய டைல்மேல் பசை போட்டுப் புது டைல் ஒட்டினால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. பழையபடி கலவை கொட்டி டைல் பதித்தால் ஒன்றரை அங்குலம் வரை ஏறும். இந்த அரை அங்குலம் எஸ்டிமேட்டில் எங்கும் இருக்காது. முதலில் கதவு தரையை உரசும், அது ஆசாரி வந்து அடியை இழைத்தால் தீர்ந்துவிடும். மற்றது அப்படித் தீராது.

நம் உறுப்பினர் ஒருவரின் தாயார். பட்டாசலுக்கு மட்டும் புதுத்தரை போட்டார்கள், அடுப்படி பழைய தரை. நடுவில் அரை அங்குல விளிம்பு. நாற்பது வருடமாக விளக்கு இல்லாமலே அந்த வழியில் நடந்த அம்மா அவர். விடியற்காலை பால் வாங்க எழுந்தவர் அந்த விளிம்பில் கால்விரல் தட்டி விழுந்தார். இடுப்பு எலும்பு. அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது வாக்கரில் நடக்கிறார். அவர் என்னிடம் சொன்னது: "தம்பி, என் வீடுன்னு நினைச்சு நடந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதிகம் இறப்பது அறுபது தாண்டியவர்கள். இந்த அறையில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் வருகிறோம்.

ஆகவே இரண்டு தரை சேருமிடத்தில் சரிவான அலுமினியப் பட்டை கட்டாயம். தடுக்குகிற நேர்விளிம்பு கூடாது. பட்டையின் நிறம் தரையோடு கலந்துவிடாமல் கண்ணுக்குத் தெரிகிற நிறமாக இருக்கட்டும், அழகு பார்க்க வேண்டாம். குளியலறை வாசலில் ஏற்கெனவே ஓர் அங்குலம் இறக்கம் இருக்கும், வெளியே தரை உயர்ந்தால் அந்த இறக்கம் கூடும். மாடிப்படியை யாரும் யோசிப்பதில்லை. எல்லாப் படியும் ஆறு அங்குலம் என்றால், கீழ்த்தளத்தில் தரை உயரும்போது முதல் படி குறைந்துவிடும். மாடித்தளம் உயரும்போது கடைசிப் படி கூடிவிடும். கால் பழகிய கணக்கில் ஏறும், அந்த ஒரு படியில் ஏமாறும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், தரை போட்டு முடித்த அன்றே அவர்களைக் கையைப் பிடித்து அறை அறையாக நடத்திக் காட்டுங்கள். ராத்திரிக்கு அந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

மரத்தரைக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். மாடி அறைக்கு எடை பார்த்தால் அதுதான் மேல். 10 அடிக்கு 12 அடி அறை, 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். லேமினேட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ, அறைக்கு 80 கிலோ கூட வராது. கலவை கொட்டி டைல் பதித்தால் சதுர மீட்டருக்கு 70 கிலோ வரை, அறைக்கு 780 கிலோ. வீட்டு அறையில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து வரும் பாரத்துக்கு ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். பழைய தளத்தின் மேல் இன்னொரு தளம் கொட்டுவது அந்தக் கட்டடம் எதிர்பார்க்காத சுமை. முப்பது நாற்பது வருட மாடித்தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால், எதையும் போடுவதற்கு முன்னால் ஒரு இன்ஜினியரைக் காட்டிவிடுங்கள். மாடியில் மண்ணிலிருந்து ஏறும் ஈரமும் இல்லை. எனவே மாடியில் ஓர் அறை, பிள்ளைகள் வந்தால் தங்குகிற அறை, அதற்கு லேமினேட் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். கீழ்த்தளத்தில் போட்டே ஆக வேண்டுமென்றால் எஸ்.பி.சி., அதுவும் கரையான் மருந்துக்குப் பிறகு. மேற்கு ஜன்னல் வழியாக நேர்வெயில் விழுகிற இடத்தில் திரை போட வேண்டும், சூட்டில் அதுவும் விரியும். அடுப்படி, பூஜையறை, குளியலறை வாசல் வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கோலம் போடுகிற வீடுகள் நம் வீடுகள். லேமினேட்டைப் பிழிந்த துணியால் துடைக்கத்தான் முடியும். வீட்டுக்காரம்மாவைக் கேட்காமல் இதை முடிவு செய்யாதீர்கள்.

பலகை வாங்கும்போது பெட்டியில் ஏ.சி.3 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள், அது தேய்மானத்துக்கான குறி. ஈ1 என்பது பசையிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடு வாயு கட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு. 2015 மார்ச்சில் அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சி, அங்கே விற்ற சில சீன லேமினேட்டுகளில் இந்த வாயு அளவுக்கு மீறி வருவதாகக் காட்டிப் பெரிய விவகாரமானது. பெட்டிகளை அறையில் படுக்கப் போட்டு இரண்டு நாள் விட்டபிறகே பதிக்க வேண்டும். வண்டியிலிருந்து இறக்கிய கையோடு பதிப்பவரை நிறுத்துங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது சதுர அடி விலையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வெட்டுச் சேதாரம் நூற்றுக்குப் பத்து, மட்டம் நிரப்புவது, அடியில் விரிக்கும் 200 மைக்ரான் பாலிதீன் தாள், ஃபோம், ஸ்கர்ட்டிங், சரிவுப் பட்டை, கதவு இழைப்புக் கூலி, கரையான் மருந்து, எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி போட்டு எழுதி வாங்குங்கள். கூட்டிப் பார்த்தால் சில வீடுகளுக்கு, இருக்கிற சிவப்புத் தரையைக் கீறல் அடைத்து, தேய்த்து மெருகேற்றிக்கொள்வதே போதும் என்று தோன்றும். என் வீட்டில் நாங்கள் அதைத்தான் செய்தோம். பையனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

சங்க அறையில் ஆறடி அலுமினியக் கட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும். பாலிதீன் தாளும் டேப்பும் உங்கள் செலவு. இரண்டு ரூபாய்க் காசும் உங்கள் செலவுதான்.